தாய்லாந்தின் ஃபூக்கெட்டில் படகின் அடி சுரண்ட அதிகம் கேட்கிறார்களா?

நீங்கள் குளச்சல்காரர் என்பதால் உரிமையோடு சொல்கிறேன் அண்ணே, படகைத் தூக்கி அடி சுரண்டி பெயின்ட் அடிக்க மெரினாக்காரர் (படகுத்துறை நடத்துபவர்) மொத்தமாகச் சொன்ன தொகையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். தூக்கி இறக்க எவ்வளவு, கரையில் நாள் வாடகை எவ்வளவு, கூலி, பெயின்ட் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கன்னியாகுமரி பக்கம் சின்னமுட்டத்தில் நாமே உட்கார்ந்து சிப்பி சுரண்டுகிற மாதிரி எல்லாப் படகு யார்டிலும் விடமாட்டார்கள், அதையும் முன்னாலேயே கேளுங்கள்.

தெற்கே மலேசியாவின் லங்காவி தீர்வையில்லாத் தீவு, பெயின்ட் விலையை அங்கேயும் விசாரிக்கலாம். ஃபைபர் அடியில் கொப்புளம் இருந்தால், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். புளித்த வாடையோடு நீர் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. அது உலர வாரக்கணக்கில் ஆகும், மே முதல் அக்டோபர் மழையில் அதைத் தொடவே வேண்டாம், வாடகைதான் ஏறும். வெறும் பாசி, சிப்பி என்றால் சரி, இப்போதே முடித்துவிடலாம்.