பூட்டிய வீட்டுச் சாவி யாரிடம்? மழைக்கு முன்னால் சில கேள்விகள்

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பதில் வேண்டும் என்று கேட்டிருந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஆத்தாவும் அப்பச்சியும் ஊரில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள், மாமா காரைக்குடியில் இருக்கிறார். அப்பச்சி இன்சுலின் போட்டுக்கொள்பவர். கஜா புயலின்போது போன் கிடைக்காமல் தவித்துப்போனேன். இங்கிருந்து என்னென்ன வாங்கி அனுப்பலாம்?" – கானாடுகாத்தான் பக்கத்து வாசகர்

தம்பி, வாங்கி அனுப்புவதை அப்புறம் பார்ப்போம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வீட்டுக்குள் யாரால் போக முடியும்? அதை முதலில் யோசியுங்கள். நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடப்பவை, இரண்டாங்கட்டில் வழுக்கி விழுந்தவர் எவ்வளவு கத்தினாலும் திண்ணையில் நிற்பவருக்குக் கேட்காது, நிலைக்கதவையும் உள்ளே தாழ் போட்டிருந்தால் உதவிக்கு வந்தவரும் வெளியேதான் நிற்க வேண்டும். அதனால் அதே தெருவில் இரண்டு வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள். ஒருவரிடம் பின்கதவுச் சாவி இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் காலையிலும் மாலையிலும் ஒருவர் நேரில் போய் ஆத்தா முகத்தைப் பார்த்துவிட்டு வருவது என்று இப்போதே பேசி முடியுங்கள். காரைக்குடியில் இருக்கும் மாமாவை இதற்கு நம்ப வேண்டாம், சாலையில் மரம் விழுந்துவிட்டால் அவரும் உங்களைப் போலத் தூரத்தில் இருப்பவர்தான்.

கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. ஆனால் கடலைப் பார்க்காத புதுக்கோட்டை மாவட்டத்து உள்ளூர்களிலும் மின்கம்பங்கள் சாய்ந்து, பல இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கடல் தூரமாக இருக்கிறது என்ற தைரியம் நமக்கு வேண்டாம்.

சரி, இன்சுலின். பிரிக்காத மருந்து ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம்வரை குளிர்ச்சி தாங்கும். அதற்குப் பிறகு ஒரு பெரிய மண்பானையில் ஈர மணலைப் பரப்பி, உள்ளே ஒரு சின்னப் பானையை இறக்கி, மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு அதில் வையுங்கள். மணல் காயக் காய நனைக்க வேண்டும், பானை நிழலில் காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். ஐஸ்கட்டி மேல் நேராக வைக்கவே கூடாது, உறைந்துபோன இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும். பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் மருந்து அதிக வெயில் படாமல் இருந்தால் பெரும்பாலும் நாலு வாரம் தாங்கும், பிரித்த தேதியை மேலே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மற்ற மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் இருவரும் தனியாக இருப்பதைச் சொல்லி வையுங்கள்.

மருந்துகளின் பெயர், அளவு, மருத்துவர் எண், உங்கள் எண் இவற்றோடு ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077 ஆகியவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தால் அதில் இருக்கும் எண்களும் போச்சு.

இனி, வாங்குவது. டார்ச், பேட்டரி ரேடியோ, பவர் பேங்க் போதும். ஜெனரேட்டர் வாங்கினால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: பட்டாலைக் கூடத்தில் மட்டுமில்லை, வீட்டுக்கு நடுவே இருக்கும் வளவு முற்றத்திலும் அதை ஓட்டக் கூடாது. மேலே திறந்திருந்தாலும் நாலு பக்கமும் அறைகள்தானே? அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளித்தான் ஓட வேண்டும்.

"எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீடு ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து பங்காளிக் குடும்பங்களுக்குச் சொந்தம், எல்லாரும் வெளியூர். கொசு மருந்து அடிக்க வருபவர்கள் கதவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மழை வந்தால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். என்ன செய்ய?" – பள்ளத்தூர் வாசகி

உங்கள் கோபம் நியாயமானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், முற்றத்தில் விட்டுப்போன அண்டாவும், அடைத்த தூம்பும், மூடாத மாடித் தொட்டியும், யாரும் புழங்காத கழிப்பறைக் கோப்பையும் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும், அதனால்தான் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டச் சொல்கிறோம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை பாத்திரத்தின் உட்புறம் நீர்மட்டத்தை ஒட்டி ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி மழை விழுந்ததும் பொரிக்கும். தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். இந்தக் கொசு அதிக தூரம் பறப்பதும் இல்லை, அந்த வீட்டில் பிறந்தது உங்கள் தெருவில்தான் கடிக்கும், அதுவும் பகலில்.

புள்ளிகள் எல்லாம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ கூடுகிற நாளில் போய்ப் பேசுங்கள். போனில் ஒருவரிடம் சொன்னால் அவர் மற்ற நாலு பேரைக் கைகாட்டுவார். தெருவில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு சாவி, வாரம் ஒருமுறை அவர் திறந்து பார்ப்பதற்கு ஐந்து புள்ளியும் சேர்ந்து ஒரு தொகை. நழுவிய கூரை ஓடும் கண்ணில் படும் என்பதால் அவர்களுக்கும் லாபம்தான். கேட்கவில்லையா, பேரூராட்சியில் எழுதிக் கொடுங்கள். கொசு பெருகும் இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்ல 1939ஆம் வருடத்துப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பங்காளிச் சண்டைக்காக ஊர்ப் பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்க வேண்டியதில்லை.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் நிம்மதி ஆகிவிடாதீர்கள், டெங்குவில் ஆபத்தான நேரமே அதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு படுப்பது என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

"வாட்ஸ்அப்பில் வரும் புயல் செய்திகளில் எதை நம்புவது?" – தேவகோட்டை வாசகர்

வானிலை ஆய்வு மையம் சொல்வதை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் எச்சரிக்கை நேராக வரும். தேதி இல்லாத வீடியோவை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

"எங்களுடையது கண்மாய்க் கரை ஊர். இளைஞர்கள் சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறோம்." – திருப்பத்தூர் பக்கத்து வாசகர்

நல்ல விஷயம் தம்பி. முதலில் வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எழுதுங்கள்: நடக்க முடியாதவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள். யாரை எந்த வண்டியில் யார் கூட்டிப்போவது என்று பெயருக்கு எதிரே பெயர் இருக்க வேண்டும், 'எல்லாரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பட்டியலின் ஒரு பிரதி கிராம நிர்வாக அலுவலரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் இருக்கட்டும்.

அடுத்து, உங்களுக்கு மேலே இருக்கும் கண்மாய்க்காரர்களின் போன் எண். நம் பக்கம் ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குத்தான் வருகிறது, மேலே கரை கசிகிறது என்ற செய்தி இரண்டு மணி நேரம் முந்தி வந்தால் பள்ளத்துத் தெருவைக் காலி செய்துவிடலாம். சாலையை மூடி ஓடும் தண்ணீரில் முழங்கால் ஆழம்தானே என்று பைக்கை இறக்க விடாதீர்கள்.

வெள்ளத்தில் பாம்பு வீட்டுக்குள் ஏறும். கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்பதை இந்த வாரமே விசாரித்து வையுங்கள்.

"வெள்ளம் புகுந்த கிணற்றை எப்படிச் சுத்தம் செய்வது?" – புதுவயல் வாசகி

முதலில் கலங்கல் தண்ணீரை இறைத்துவிடுங்கள், சேறு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். தெளிந்த தண்ணீர் ஊறியதும் 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்று கணக்குப் போட்டு, வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பத்து நிமிடம் விட்டு, மேல் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு அளவு கூடத் தேவைப்படலாம் என்பதால் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டுக் குளோரின் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை குடிப்பதற்குக் கொதிக்கவைத்த தண்ணீர்தான். அதற்குள் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.