மேடை நாடகத்துக்கு டிரெய்லர் எடுக்கும் மகளை என்ன படிக்க வைப்பது?

அன்புள்ள ஆச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஊர்த் திருவிழாவில் நடந்த வள்ளி திருமண நாடகத்துக்கு மகள் எடுத்த டிரெய்லரையும் பார்த்தேன். "இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். நாடக டிரெய்லரை மட்டும் நம்பி இங்கே குடும்பம் நடத்த முடியாது. குழுக்களிடம் அதற்குப் பணம் இல்லை. ஆனால் அதை நன்றாக எடுக்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு. ஜவுளிக்கடை முதல் மருத்துவமனை வரை எல்லோருக்கும் இன்று ஒரு நிமிடக் காணொளி தேவைப்படுகிறது.

மேடையும் கேமராவும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1947-ல் வந்த 'நாம் இருவர்' ஒரு மேடை நாடகத்தைத் தழுவிய படம், ஏவி.எம். அதைக் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில்தான் எடுத்தார். டிரெய்லரும் நாடக உலகத்துக்குப் பழகியதுதான். 1972-ல் நியூயார்க்கில் அரங்கேறிய 'பிப்பின்' என்ற இசை நாடகத்துக்கு, நடிகர்கள் ஆடும் காட்சியையே ஒரு நிமிடத் தொலைக்காட்சி விளம்பரமாக்கினார்கள். மீதி 119 நிமிடங்களை அரங்கத்துக்கு வந்து பாருங்கள் என்று அதை முடித்தார்கள். அந்த நாடகம் 1977 வரை ஓடியது.

உங்கள் மகளுக்கும் அந்த நுட்பம் பிடிபட்டிருக்கிறது. நாரதரும் வள்ளியும் வாதாடும் தர்க்கக் காட்சியில் நாரதர் கேள்வி கேட்கிறார். வள்ளி வாய் திறக்கும் முன் காட்சியை வெட்டிவிட்டாள். பதில் வேண்டுமென்றால் பந்தலுக்குத்தான் போக வேண்டும். ஒப்பனைக் கொட்டகையில் ராஜபார்ட் (கதாநாயக வேடம்) நடிகர் கைக்கண்ணாடியைத் தொடையில் சாய்த்துப் புருவம் தீட்டும் அந்தச் சில நொடிகளை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் படங்களைப் போட்டு நோட்டீஸ் அடிக்கும் ஊரில், இதுவரை யாரும் காட்டாத இடம் அது.

குறைகளும் உண்டு. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டிருக்கிறாள். உரிமை பெறாத பாட்டு என்பதால் இணையத்தில் காணொளியையே நீக்கிவிடக்கூடும். ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கத்திலேயே இருக்கும்போது வேறு இசை எதற்கு? ஒலிபெருக்கியிலிருந்து பதிந்த குரல் கரகரக்கிறது. மைக்செட்காரரிடம் கேட்டால் நேரடியாக ஒரு இணைப்புக் கொடுப்பார். நாள், இடம் இரண்டும் கண்ணில் படுவதற்குள் மறைந்துவிடுகின்றன. எல்லாவற்றையும்விட, வெட்டு மிக வேகம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் சினிமாவை எதிர்பார்த்து உட்காருவார், பாதியில் எழுந்து போவார். நாடகத்தின் நிதானம் டிரெய்லரிலும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

இனி படிப்பு. சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு 4 ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. என் முதல் பரிந்துரை அங்கே படத்தொகுப்பு. அவள் வணிகவியல் மாணவி என்பதால், எந்தப் பிரிவுக்கு என்ன பிளஸ் டூ பாடம் கேட்கிறார்கள் என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் கலைக் கல்லூரிகளில் 3 ஆண்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்). நாடகத்திலேயே ஆழமாக இறங்க விரும்பினால், பட்டத்துக்குப் பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையோ டெல்லி தேசிய நாடகப் பள்ளியோ இருக்கின்றன. அதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

அவள் அப்பச்சி (அப்பா) சி.ஏ. படிக்கச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மனம் ஒட்டாமல் அந்தப் பரீட்சைகளைத் தாண்டுவது மிகக் கடினம். அவரிடம் இந்தக் காணொளியைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசுங்கள், ஆச்சி.

வேலை நிச்சயம் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் குறுகிய காலப் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் படத்தொகுப்புக் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கேமரா கிடைக்கும் என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள். பங்குனித் திருவிழாவுக்குள் இன்னும் இரண்டு நாடகங்களுக்கு, குழுவின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அவள் டிரெய்லர் எடுக்கட்டும். நேர்முகத் தேர்வில் காட்ட அவை வேண்டும்.