லினக்ஸில் நேர மண்டலம் எங்கே இருக்கிறது?

தண்டையார்பேட்டையில் கடை வைத்திருப்பவரின் கேள்வி: பில் போடும் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மாற்றியதிலிருந்து, மாலை 6 மணி பில்லில் பகல் 12:30 என்று அச்சாகிறது. ஏன்?

கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது, மண்டலம்தான் யூடிசியில், அதாவது நம்ம மணிக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், நிற்கிறது. அதற்காகக் கடிகாரத்தைக் கையால் ஐந்தரை மணி நேரம் தள்ளி வைக்காதீர்கள். நெட் வந்ததும் பழையபடி இழுத்துவிடும்.

1970 ஜனவரி 1 நள்ளிரவு யூடிசியிலிருந்து எத்தனை விநாடி ஆனது என்பதுதான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் கணக்கு. அதை நம்மூர் மணியாக மாற்ற, ஈடிசி ஃபோல்டரில் உள்ள லோக்கல்டைமைப் புரோகிராம்கள் படிக்கும். அது பெரும்பாலும் தனிக் கோப்பு இல்லை. ஸோன்இன்ஃபோ என்ற நேர மண்டலக் கோப்புகளின் ஃபோல்டரில் உள்ள ஓர் ஊரின் கோப்பைக் காட்டும் சிம்லிங்க், அதாவது வேறு கோப்புக்கு வழிகாட்டும் இணைப்பு. நமக்கு ஏசியா/கொல்கத்தா. சென்னை என்று தேடினால் கிடைக்காது. ஆனால் அந்தக் கொல்கத்தா கோப்புக்குள்ளேயே நம்ம பழைய மெட்ராஸ் நேரம் ஒளிந்திருக்கிறது: 1905ஆம் ஆண்டுத் தேதி ஒன்றைக் கொடுத்தால் ஐந்தரை மணி அல்ல, 5 மணி 21 நிமிடம் 10 விநாடி கூட்டும்!

சரி, தீர்வு. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-டைம்ஸோன் போட்டு ஏசியா/கொல்கத்தா கொடுங்கள். அப்புறம் பில்லிங் சாஃப்ட்வேரை மூடித் திறங்கள். ஓடிக்கொண்டிருப்பது பழைய மண்டலத்தையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்படியும் மாறாவிட்டால் டிஇசட் என்ற சூழல் மாறி (புரோகிராம்கள் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் அமைப்பு) எங்காவது அமைந்திருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் லோக்கல்டைமை யாரும் மதிப்பதில்லை.