முதல் மிடறு எத்தனை மணிக்கு?

குடி, போதைப் பழக்கம் பற்றிப் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகளும், போதை மீட்புப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் பதில்களும்.

என் கணவர் தினமும் ஒரு குவார்ட்டர்தான் குடிக்கிறார். வேலைக்குத் தவறாமல் போகிறார், சம்பளத்தையும் கொடுத்துவிடுகிறார். இதுவும் குடிநோயா? (அல்சூர்)

அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது அம்மா. அவருடைய காலை நேரத்தைக் கவனியுங்கள். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறாரா? பல் துலக்கும்போது ஓங்கரிக்கிறாரா? விசிறிக்கடியில் உட்கார்ந்தும் வியர்க்கிறதா? 90 மில்லி டெட்ரா பாக்கெட்டை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு குளியலறைக்குப் போய், நடுக்கம் நின்ற கையோடு முகம் மழித்துக்கொண்டு வருபவர்களைப் பற்றி அவர்கள் மனைவிமார் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். நடுக்கத்தை அடக்கவே மது தேவைப்படுகிறது என்றால் உடல் அதற்கு அடிமையாகிவிட்டது. முன்பு பாதியில் ஏறிய போதைக்கு இப்போது முழுக் குவார்ட்டர் வேண்டியிருக்கிறது என்றால் அதுவும் எச்சரிக்கைதான். வேலைக்குப் போவதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு வேலை கடைசியில்தான் போகிறது. பிள்ளையின் பள்ளிக் கூட்டமும் சொந்தக்காரர் வீட்டு விசேஷமும் அதற்கு வெகுமுன்பே கைவிட்டுப் போயிருக்கும்.

நான் வெள்ளி, சனி மட்டும்தான் குடிக்கிறேன். (எலக்ட்ரானிக் சிட்டி)

இரண்டு பெக்கோடு நிறுத்த நினைத்து எட்டில் முடிகிறதா தம்பி? முந்தைய இரவு நடந்தது மறுநாள் நினைவில் இல்லையா? மருத்துவர்கள் வெகுகாலமாகக் கேட்டுவரும் நான்கு கேள்விகள் உண்டு. குறைக்க வேண்டும் என்று தோன்றியதா, பிறர் குறை சொன்னால் எரிச்சல் வந்ததா, குற்ற உணர்வு உறுத்தியதா, கண் விழித்ததும் குடித்தது உண்டா. இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றாலும் அந்த எட்டு என்னை உறுத்துகிறது.

மாமனார் பல வருடக் குடிகாரர். சபரிமலைக்கு மாலை போட்டு அன்றே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாளான இன்று தூக்கமே இல்லை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். (ஸ்ரீராமபுரம்)

உடனே 108-ஐ அழையுங்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நாள்பட்டுக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாதது கண்ணில் படுதல், காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ‘குடியை விட்ட ஏக்கம், சரியாகிவிடும்’ என்று வீட்டில் கட்டிப்போட்டு வைப்பது பெரிய தவறு. மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமினான தயமினும் ஏற்றுவார்கள். மாலை போடுவதில் குறையில்லை. போடுமுன் மருத்துவரைப் பாருங்கள். விரதத்தில் மருந்து சாப்பிட்டால் ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாம்பாரில் தெரியாமல் கலந்துவிட்டால் குடி நின்றுவிடும் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா? (சிவாஜிநகர்)

வேண்டவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவன் சொல்ல மாட்டான். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், அது தெரியாமல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மருத்துவர் அந்த மருந்தைக் கொடுக்கும்போதுகூட நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்.

பி.யு.சி. படிக்கும் மகனின் கண் அடிக்கடி சிவந்திருக்கிறது. கஞ்சாவா? போலீசுக்குப் போய்விடுமோ என்று பயம். (விவேக் நகர்)

இரவெல்லாம் கைப்பேசி பார்த்தாலும் கண் சிவக்கும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள். புதிய நண்பர்கள், காணாமல் போகும் பணம், தலைகீழான தூக்கம், பையில் கண் சொட்டு மருந்து என்று பலவும் சேர்ந்து வந்தால் கேளுங்கள். உதட்டைச் சுற்றிப் புண்ணும் துணியில் பெயின்ட் வாடையும் இருந்தால் தின்னர் முகர்கிறான் என்று சந்தேகிக்கலாம். முதல் தடவையிலேயே இதயம் நின்றுவிடக்கூடிய பழக்கம் அது. போதைக்காக வலி மாத்திரை எடுப்பவனுக்குக் கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். மாத்திரை கிடைக்காத நாளில் கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு என்று வரும். வீட்டில் ஃப்ளூ என்று நினைத்துக் கஷாயம் கொடுப்பார்கள்.

சிகிச்சைக்குப் போனால் மருத்துவர் விவரத்தை ரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே, தானாகச் சிகிச்சைக்கு முன்வரும் அடிமைகளுக்குச் சில குற்றங்களில் வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் பிரிவு, 64ஏ, இருக்கிறது.

கணவர் வர மறுக்கிறார். நான் மட்டும் போகலாமா? (ஈஜிபுரா)

தாராளமாக. ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. 14446 போதை மீட்பு உதவி எண். மனநல உதவிக்கு 14416. அதில் தமிழிலும் பேசலாம். போகுமுன் அவர் கடைசியாகக் குடித்த நேரம், முன்பு வலிப்பு வந்ததுண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.