பின்னுக்கு இறக்கப்பட்ட நடுக்கள வீரருக்கு எதிர்காலம் உண்டா?

வணக்கம். கால்பந்தில் தாக்குதல் நடுக்களத்தில் ஆடிவந்த உங்கள் பதினேழு வயது மகனைப் பயிற்சியாளர் தற்காப்பு வரிசைக்கு முன்னால் இறக்கிவிட்டதால், அவனது தொழில்முறைக் கனவு முடிந்துவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். நான் அப்படிக் கருதவில்லை.

இத்தாலியின் ஆந்திரேயா பிர்லோவும் தாக்குதல் நடுக்கள வீரராகவே தொடங்கியவர். இன்டர் மிலானில் நிலையான இடம் கிடைக்காமல் 2001-இல் பிரெஷியா அணிக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டபோது, அவருக்குப் பழகிய இடத்தில் நட்சத்திர வீரர் ராபர்ட்டோ பாஜியோ இருந்ததால், பயிற்சியாளர் கார்லோ மட்சோனே அவரைப் பின்னுக்கு இறக்கினார். அங்கிருந்து ஆட்டம் முழுவதையும் கண்முன் வைத்து நீண்ட பாஸ்களை அளிக்க முடிந்தது. அந்த ஆற்றலே பின்னர் ஏசி மிலானுடன் ஐரோப்பியக் கழக அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் பட்டங்களை 2003, 2007-இலும், இத்தாலியுடன் 2006 உலகக் கோப்பையையும் அவர் வெல்லத் துணைநின்றது. வேகம் அவருடைய பலமாக இருந்ததே இல்லை என்பதை உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஆனால் இந்த இடத்தில் பந்தை இழந்தால் உடனே கோல் ஆபத்துதான். ஆகவே பந்து வருவதற்கு முன்பே இருபுறமும் திரும்பிப் பார்ப்பதையும், உடலைப் பக்கவாட்டில் திருப்பி நின்று பந்தை வாங்குவதையும், எதிரணியின் பாஸ் வழிகளை மறிப்பதையும் அவன் தினமும் பழக வேண்டும். எந்தத் திறனைக் கண்டு இம்மாற்றத்தைச் செய்தார் என்று பயிற்சியாளரிடம் அவனையே நேரில் கேட்கச் சொல்லுங்கள்.