குழந்தை தராசைப் பார்த்துப் பிறப்பதில்லை

கேள்வி: என் வயது 57, எடை 116 கிலோ. டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். கட்டாயம் வர வேண்டும் என்கிறாள். "இந்த உடம்போடு விமானத்திலா? அண்ணிக்கு இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும்" என்று கொழுந்தனார் எல்லார் முன்னிலையிலும் சிரிக்கிறார். இருபது கிலோ குறைத்துவிட்டுப் போகலாம் என்கிறார்கள் மற்றவர்கள். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தொந்தரவு, பணிப்பெண்களுக்குத் தொந்தரவு, போய் இறங்கினால் மகளுக்கும் தொந்தரவு என்று நினைக்கும்போது ஆசையே போய்விடுகிறது. யாருக்கும் தொந்தரவில்லாமல் நான் போய்வர வழி உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் 'தொந்தரவு' நான்கு முறை வருகிறது. 'ஆசை' ஒரே ஒரு முறை, அதுவும் போய்விடுவதற்காக வருகிறது. முதலில் இந்தக் கணக்கைச் சரிசெய்வோம்.

எடை குறைப்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையிலான விஷயம். முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதைப் பயணத்துக்கு நிபந்தனையாக்கியது கனடா அரசாங்கம் இல்லை, உங்கள் வீட்டுக் கூடம். பேரக் குழந்தை உங்கள் தராசைப் பார்த்துக்கொண்டு பிறக்கப் போவதில்லை. இருபது கிலோ குறைய இரண்டு வருடமானால் பாட்டியைப் பார்த்ததும் அது ஓடி ஒளியும்.

2023 அக்டோபரில் ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமாமி ஓஷிமா என்ற தீவில் நடக்கும் விளையாட்டு விழாவுக்குச் சுமோ மல்லர்கள் கிளம்பினார்கள். ஆளுக்குச் சராசரி 120 கிலோ என்று கணக்குப் போட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ், வழக்கமான விமானம் அந்தப் பாரத்துக்கு ஒத்துவராது என்று கண்டது. தீவின் ஓடுபாதையில் பெரிய விமானம் இறங்கவும் வழியில்லை. என்ன செய்தார்கள்? கூடுதலாக இன்னொரு விமானத்தை விட்டார்கள். மல்லர்களிடம் இளைத்துவிட்டு வரும்படி யாரும் சொல்லவில்லை. அந்தச் சராசரி மல்லரைவிட நீங்கள் நான்கு கிலோ குறைவு என்பதைக் கொழுந்தனாருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

அடுத்து, என் கதை. எனக்கும் மூன்றிலக்க எடைதான். சில வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஓர் இரவு விமானத்தில், இடுப்புப் பட்டையின் இரண்டு முனைகளும் நான்கு விரற்கடை தள்ளி நின்றுகொண்டன. வயிற்றை எக்கினேன், மூச்சைப் பிடித்தேன், பலிக்கவில்லை. பரீட்சைத் தாளை மறைக்கும் பையனைப் போலக் கம்பளியை இழுத்து மடியில் போர்த்திக்கொண்டேன். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்த பணிப்பெண் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் பேசாமல் போய், உள்ளங்கையில் சுருட்டி ஒரு துண்டுப் பட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நொடியில் மாட்டிவிட்டது. அதற்குப் பெயர் எக்ஸ்டென்டர், கட்டணம் கிடையாது என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். கேட்கக் கூச்சப்பட்டு, பட்டை போடாமல் பறக்கத் துணிந்த என் அறிவை என்னவென்று சொல்வது?

நீங்கள் அப்படி ஒளிக்க வேண்டாம். விமானத்துக்குள் நுழையும்போதே, வாசலில் வரவேற்பவரிடம் "எக்ஸ்டென்டர் ஒன்று வேண்டும்" என்று சொல்லிவிட்டு நடந்து போங்கள். இணையத்தில் விற்பதை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கொக்கிகள் விமானத்துக்கு விமானம் மாறும். பல நிறுவனங்கள் வெளியிலிருந்து கொண்டுவருவதை அனுமதிப்பதும் இல்லை.

இனி இருக்கை. சிக்கல் உங்கள் இடுப்பில் மட்டும் இருப்பதாக நினைக்கிறீர்கள். சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் பெரும்பாலும் 17 முதல் 18 அங்குலம். போயிங் 777இல் வரிசைக்குப் பத்துப் பேரை உட்காரவைக்கும் நிறுவனங்கள் சுமார் 17 அங்குலம்தான் தருகின்றன. ஏர்பஸ் ஏ380இல் ஏறக்குறைய 18 கிடைக்கும். ஓர் அங்குலம்தானே என்று ஒல்லியானவர்கள் சொல்லலாம். பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் உட்காரப் போகிறவருக்கு அது பெரிய நிலப்பரப்பு. எந்த வழியாகப் போவது என்று பார்க்கும்போது, கட்டணத்தோடு விமானத்தின் வகையையும் பார்க்கச் சொல்லி மகளிடம் கேளுங்கள்.

முன்தடுப்புக்கு எதிரே இருக்கும் முதல் வரிசையைச் சிலர் சிபாரிசு செய்வார்கள், கால் நீட்டலாம் என்று. கேட்காதீர்கள். அங்கே சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடிந்திருக்கும். அதனால் கைப்பிடி தடித்து, மேலே தூக்கவும் வராது. இருக்கிற அகலமும் குறையும். அவசர வழி வரிசையும் ஆகாது, அங்கே எக்ஸ்டென்டர் போட விடமாட்டார்கள். உங்களுக்கு ஏற்றது நடைபாதையோர இருக்கை. பல விமானங்களில் அந்தப் பக்கத்துக் கைப்பிடியின் அடியில், கீலுக்கு அருகே சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும்பும். எனக்கு இதைக் காட்டியவர் ஒரு பணிப்பெண். அந்த அம்மையார் நன்றாக இருக்க வேண்டும்.

கொழுந்தனாரின் 'இரண்டு டிக்கெட்' பேச்சுக்கு வருகிறேன். அவர் கேலியாகச் சொன்னதை நீங்கள் ஒரு யோசனையாகவே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் உட்காருபவரும் தன் 17 அங்குலத்துக்குப் பணம் கட்டியவர்தான், அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. கையில் வசதி இருந்தால் பக்கத்து இருக்கையையும் சேர்த்து வாங்குவது பல நிறுவனங்களில் உள்ள வழக்கம்தான். விமானக் கம்பெனிக்குத் தொலைபேசியில் பேசி எடுப்பது நல்லது. கையில் இரண்டு போர்டிங் பாஸ் இருக்கட்டும். ஏறியதும் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் காலி இடம் என்று வேறு யாரையாவது உட்காரவைத்துவிடுவார்கள். அந்தச் செலவு தாங்காது என்றால் விமான நிலையத்துக்குச் சீக்கிரம் போய், கவுண்டரில் "பக்கத்து இடம் காலியாக இருக்கும் வரிசை உண்டா?" என்று கேளுங்கள். விமானம் நிரம்பாத நாளில் முகம் சுளிக்காமல் செய்து கொடுப்பார்கள். சாதாரண வகுப்புக்கு ஒரு படி மேலான பிரீமியம் எகானமி டிக்கெட்டின் விலையை இரண்டு சாதாரண டிக்கெட்டுகளின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு. அங்கே இருக்கை அகலம், ஆனால் கைப்பிடிகள் பெரும்பாலும் அசையாது.

நீங்கள் போகும் நாடு இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு கட்டணம்தான் என்று கனடாவின் போக்குவரத்து ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. உடல் பருமனால் இயலாமை ஏற்பட்டு இரண்டு இருக்கை தேவைப்படுபவரிடம் இரண்டாவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். விமான நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை நாடியபோது அது வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. இது அந்த நாட்டுக்குள் பறக்கும்போது மட்டும்தான், மருத்துவச் சான்றும் கேட்பார்கள். சென்னையிலிருந்து போகும் பயணத்துக்குச் செல்லாது. மகள் உங்களை வான்கூவருக்கு அழைத்துப் போனால் நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் எல்லாருக்கும் உண்டு, பருமனானவர்களுக்கு அது கூடுதல். எழுந்து நடக்கத்தான் நடைபாதை இருக்கை. காலுக்கு இறுக்கமான உறை தேவையா என்று கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள். கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். நம் பெண்கள் பலர் செய்யும் தவறு இது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று சற்றே தாராளமான கழிவறை பெரிய விமானங்களில் இருக்கும். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலையில்தான் போவேன் என்றால் போங்கள், ஆனால் பாவாடை நாடாவை வழக்கமான இறுக்கத்தில் முடியாதீர்கள். டொராண்டோ போய்ச் சேரும்போது இடுப்பில் ஓர் ஆறு ஓடியிருக்கும். எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள், தொடை உரசாமல் இருக்க உள்ளே முழங்கால்வரை ஒரு பருத்திக் கால்சட்டை. சேஃப்டி பின்களைக் குறைத்தால் சோதனைக் கருவியும் உங்களைத் தனியே அழைக்காது. விமான நிலையங்களில் நடை அதிகம். முழங்கால் வலிக்குமென்றால் சக்கர நாற்காலி வேண்டும் என்று 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். அதில் உட்கார்ந்ததற்காக ஊர் பேசும் என்றால், நடந்தாலும் பேசும் ஊர்தானே அது.

காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் கனடா தரும் நீண்ட கால 'சூப்பர் விசா'வில் போவதாக இருந்தால் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கான மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். மறைத்த நோய்க்கு அந்தக் காப்பீடு கைகொடுக்காது.

டொராண்டோ தெருவில் உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஸ்கார்பரோவில் நம்மவர் வீட்டு விசேஷத்துக்குப் போனால்தான் "என்ன, இப்படி உடம்பு போட்டுவிட்டதே!" என்று கேட்பார்கள். அதற்குக் கும்பகோணத்திலேயே உங்களுக்கு நல்ல பயிற்சி கிடைத்திருக்கிறது. ஓய்ந்த நாளில் சி.என். கோபுரத்துக்குப் போய்வாருங்கள். 342 மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரை ஒன்று உண்டு, 1994இல் போட்டது. பதினான்கு பெரிய நீர்யானைகளின் எடையைத் தாங்கும் என்று அந்தக் கோபுரத்தார் முன்பு பெருமையாகச் சொன்னதுண்டு. அதன் நடுவில் நின்று ஒரு படம் எடுத்து, வீட்டுக் கூடத்துக்கு அனுப்பிவையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அங்கே குளிர் எலும்பைத் தொடும். குளிருக்கான கோட்டு ஒன்றை இங்கே தேடி அலையாதீர்கள், பெரிய அளவுகள் அங்கேதான் எளிதில் கிடைக்கும். நம் கடை டபுள் எக்ஸெல்லும் அவர்கள் கடை டபுள் எக்ஸெல்லும் ஒன்றல்ல என்பதால் எழுத்தில் அளவு சொல்ல வேண்டாம். தையல்காரரிடம் டேப் வாங்கி மார்பு, வயிறு, இடுப்பு, கை நீளம் நான்கையும் அங்குலத்தில் குறித்து இந்த வாரமே மகளுக்கு அனுப்பிவிடுங்கள். வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.