சிபியு ஓய்வாக இருந்தும் சர்வர் தாமதிக்கிறது: காரணத்தைக் கண்டறிய எந்தத் திறமூலக் கருவிகள் உதவும்?

உங்கள் லினக்ஸ் சர்வரில் சிபியு பயன்பாடு 20 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஆனாலும் சில கோரிக்கைகளுக்குப் பதில் வர இரண்டு மூன்று வினாடிகள் ஆகின்றன. லினக்ஸின் செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவியால் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிபடாததில் வியப்பில்லை. 'பெர்ஃப் ரெக்கார்ட்' வழக்கமான முறையில் இயங்கும்போது, ஒவ்வொரு சிபியுவிலும் அந்தக் கணத்தில் எந்த நிரல் ஓடுகிறது என்பதையே மாதிரி எடுக்கிறது. எதற்காகவோ காத்துக் கிடக்கும் த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு செயல் இழை) எந்த சிபியுவிலும் இல்லை என்பதால், எத்தனை மாதிரிகள் எடுத்தாலும் அது சிக்காது. பிரெண்டன் கிரெக் 2011இல் உருவாக்கிய, இந்த மாதிரிகளை அடுக்கடுக்காகக் காட்டும் வரைபடமான ஃபிளேம் கிராஃபுக்கும், அதன் வழக்கமான வடிவில், இதே வரம்பு உண்டு. சிபியு முழு வேலையில் இருக்கும்போது அவற்றை மிஞ்சிய கருவி இல்லை. உங்கள் சிக்கல் அதுவன்று.

ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது, தாமதமாகும் த்ரெட் ஓடுகிறதா, ஓடத் தயாராக இருந்தும் சிபியு கிடைக்காமல் நிற்கிறதா, அல்லது வேறொன்றுக்காகத் தூங்குகிறதா என்பதுதான். இதற்குப் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பத்து வினாடிகளுக்கு 'பெர்ஃப் ஷெட் ரெக்கார்ட்' இயக்கிவிட்டு 'பெர்ஃப் ஷெட் டைம்ஹிஸ்ட்' என்று கொடுத்தால், ஒவ்வொரு த்ரெட்டும் சிபியுவை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி வரும். அதில் மூன்று எண்கள் மில்லி வினாடிக் கணக்கில் இருக்கும்: தூங்கிய நேரம், எழுப்பப்பட்ட பின் சிபியுவுக்காக வரிசையில் நின்ற நேரம், ஓடிய நேரம். எந்த எண் பெரிதாக இருக்கிறதோ அதுவே அடுத்த கருவியைத் தீர்மானிக்கிறது.

பெரிதாக இருப்பது முதல் எண் என்றால், பிசிசி என்ற கருவித் தொகுப்பிலுள்ள 'ஆஃப்சிபியுடைம்' கருவியைப் பயன்படுத்துங்கள். அது ஈபிபிஎஃப் (லினக்ஸின் மையமான கர்னலுக்குள் சிறு நிரல்களை இயக்கும் வசதி) மூலம், எந்த ஸ்டேக்கில் (ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்து வந்த வரிசையில்) எவ்வளவு நேரம் த்ரெட்கள் தூங்கின என்பதைக் கர்னலுக்குள்ளேயே கூட்டி வைத்துக்கொண்டு இறுதியில் தொகையை மட்டும் தருகிறது. ஒவ்வொரு நிகழ்வையும் ஃபைலில் எழுதும் கருவிகளைவிட இதன் சுமை குறைவு. ஓடும் சர்வரில் அதுவே பெரிய விஷயம். இந்த இடத்தில், புரோகிராம் கர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளை, அதாவது சிஸ்டம் கால்களை, பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் மீது கை போகும். அதைத் தவிர்க்கவே சொல்வேன். அது பிட்ரேஸ் என்ற கர்னல் வசதி வழியாக ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் புரோகிராமை நிறுத்துவதால், அளக்க வந்த தாமதத்தைத் தானே பெருக்கிவிடும்.

தொகை மட்டும் போதாமல், யாருக்காக யார் காத்திருந்தார்கள் என்ற வரிசை தேவைப்படும்போது நான் நாடுவது, நிகழ்வுகளைப் பதிவு செய்து காலக்கோட்டில் காட்டும் பெர்ஃபெட்டோ. கூகுள் ஆண்ட்ராய்டுக்காக உருவாக்கியது என்றாலும் சாதாரண லினக்ஸிலும் நன்றாக இயங்குகிறது. நான் பார்த்த ஒரு சேவையில், வேலை செய்ய வேண்டிய த்ரெட்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஃபியூடெக்ஸில் (பூட்டுக்காகக் காத்திருக்க உதவும் கர்னல் வசதி) தூங்குவது திரையில் தெரிந்தது. ஒன்றின் தூக்கம் முடியும் இடத்தில் கிளிக் செய்தால், அதை எழுப்பிய த்ரெட் எது என்று காட்டும். அதைப் பின்தொடர்ந்து சென்றபோது ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு த்ரெட்டில் போய் முடிந்தது. அது லாக் (பதிவு) ஃபைலுக்கான மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டைப் பிடித்துக்கொண்டே, தரவை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் அழைத்து, டிஸ்க் எழுதி முடிக்கும்வரை கர்னலுக்குள் உறங்கிக் கொண்டிருந்தது. சிபியு ஓய்வாக இருந்ததன் மர்மம் அவ்வளவுதான். லாக் எழுதுவதைத் தனி த்ரெட்டுக்கு மாற்றி, மியூடெக்ஸை விட்ட பிறகே எஃப்சிங்க் அழைக்கும்படி செய்ததும் தாமதம் மறைந்தது. பெர்ஃபெட்டோவில் ட்ரேஸை (பதிவான நிகழ்வுகளை) எஸ்கியூஎல் கொண்டு கேள்வி கேட்கலாம் என்பது இன்னொரு வசதி. ஒரு வினாடிக்கு மேல் தூங்கிய எல்லா இடங்களையும் ஒரே வினவலில் பட்டியலிட முடியும்.

உங்கள் புரோகிராமின் சொந்த நிகழ்வுகளையும் கர்னல் நிகழ்வுகளையும் ஒரே காலக்கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமானால், எல்டிடிஎன்ஜி என்ற பதிவுக் கருவியும் அதன் பதிவுகளைத் திறக்கும் ட்ரேஸ் கம்பஸும் பொருத்தமானவை. ட்ரேஸ் கம்பஸில், ஒரு த்ரெட்டின் காத்திருப்புச் சங்கிலியைத் தானாகவே பின்தொடரும் ஆய்வு உண்டு. தொடக்கத்தில் கற்றுக்கொள்ளச் சற்று பொறுமை தேவை.

எந்தக் கருவியானாலும் ஸ்டேக் பாதியில் அறுந்து வந்தால் பயனில்லை. ஜிசிசி கம்பைலர் வேகத்துக்காக ஃபிரேம் பாயின்டரை (அழைப்பு வரிசையைப் பின்தொடர உதவும் குறிப்பை) நீக்கிவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஃபெடோரா 38, உபுண்டு 24.04 ஆகிய பதிப்புகளிலிருந்து அவற்றின் தொகுப்புகள் ஃபிரேம் பாயின்டருடனேயே வருகின்றன. உங்கள் சொந்த நிரலுக்கு அதைத் தக்கவைக்கும் கம்பைலர் விருப்பத்தை நீங்களே சேர்க்க வேண்டும்.

டைம்ஹிஸ்டில் இரண்டாவது எண் பெரிதாக இருந்து, சிபியுவும் காலியாக இருந்தால், உங்கள் சேவை கண்டெய்னருக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். சிகுரூப்பில் (கண்டெய்னர் போன்றவற்றின் வளப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் கர்னல் வசதி) விதித்த சிபியு வரம்பு வழக்கமாக 100 மில்லி வினாடிக்கு ஒரு பங்கு என்று கணக்கிடப்படுகிறது. பல த்ரெட்கள் சேர்ந்து அந்தப் பங்கைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டால், மீதி நேரம் முழுவதும் எல்லாமே நிறுத்தி வைக்கப்படும். அந்த சிகுரூப்பின் 'சிபியு.ஸ்டாட்' ஃபைலில், நிறுத்தப்பட்ட முறைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால் போதும். அதற்கு ட்ரேஸ் எதுவும் எடுக்கத் தேவையில்லை.